மூக்கை நம்பாதீர்கள்

"கேஸ் நாற்றமே வரலையே!" கேஸ் ஹீட்டர் பழுது பார்க்கப் போகிற வீடுகளில் நான் அதிகம் கேட்பது இதைத்தான். சிலிண்டர் கேஸில் அந்த நாற்றத்தைச் சேர்ப்பதே, கசிந்தால் தெரியட்டும் என்றுதான். ஆனால் ஹீட்டரில் பயப்பட வேண்டிய இன்னொன்று, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்று போதாமல் எரியும் எந்த அடுப்பிலும் அது உண்டாகும்.

அதனால் முதலில் தீயைப் பாருங்கள். நீலமாக, நிலையாக எரிந்தால் நல்லது. மஞ்சளாக, தொய்ந்துபோய் ஆடினால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஹீட்டருக்கு மேலே சுவரில் கரி படிந்திருந்தாலும் அதேதான்.

அப்புறம் புகைக்குழாய். ஒரு வீட்டில் குழாயைக் கழற்றியதும் காய்ந்த புல்லும் இறகுமாகக் கொட்டியது. குருவிக்கூடு! அந்த வீட்டு அம்மாவுக்குத் தினமும் காலையில் தலைவலி, குமட்டல். வெளியே போனால் சரியாகிவிடுமாம். காய்ச்சல் மட்டும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இப்படி இருந்தால் மாத்திரை தேடாதீர்கள், ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும் தப்பு. வெளியே போக வேண்டிய புகையை அது உள்ளே இழுத்துவிடும்.

குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைப்பவர்களிடம் எனக்குப் பொறுமையே கிடையாது. புகை அடங்கிய கங்கிலிருந்துதான் இந்த வாயு நிறைய வரும். ஜெனரேட்டரும் வெளியேதான், கதவு ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி.

அலாரம் ஒன்றைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். கேஸ் கசிவுக்கு விற்கும் அலாரம் இதற்கு உதவாது. பெட்டியில் கார்பன் மோனாக்சைடு என்றே போட்டிருக்க வேண்டும். மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திப் பாருங்கள். பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும்.

அலாரம் அடித்தால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டாம். எல்லோரும் வெளியே வந்தபிறகு அவசர உதவியைக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதில் ஏமாந்துவிடும். ரத்தத்தில் கலந்த விஷவாயுவையும் ஆக்சிஜனாகவே எண்ணி, 98 என்று காட்டும். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.