உப்பு நிலத்துக் கீரையும் தீவனமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை பொய்த்து, கிணறும் உவர்த்துப்போன கடலோர ஊர்களில் உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும். இதையே கீரையாகவும் ஆட்டுத் தீவனமாகவும் வளர்த்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். நல்ல யோசனைதான். மெக்சிகோவின் பாலைவனக் கடற்கரையில் வெறும் கடல்நீரைப் பாய்ச்சி சாலிகோர்னியா என்ற உமரி வகைச் செடியை வளர்த்தார்கள். அதன் விதையில் 26 முதல் 33 சதவீதம் எண்ணெய் இருப்பதாக 1991-லேயே ஆய்வு வந்துவிட்டது. ஆனால் இந்தச் செடிகள் உப்பை அழிப்பதில்லை. உமரி தன் தடித்த இலைக்குள் சேர்த்து வைக்கிறது. அலையாத்தி மரம் இலை வழியே வெளியே தள்ளுகிறது. இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த உப்பு அடுத்து எங்கே போகும் என்று யோசிக்காமல் இறங்குவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

முதலில் சமையல். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் சத்து போய்விடும் என்று பழகியவர்கள் இங்கேயும் அப்படியே செய்கிறார்கள். உமரிக்கு அது பொருந்தாது. இளந்தளிரை மட்டும் கிள்ளி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, பிழிந்துவிட வேண்டும். உப்போடு, சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய ஆக்சலேட் என்ற பொருளும் ஓரளவு அந்தத் தண்ணீரில் போய்விடும். அப்புறம் தேங்காய் போட்டுத் தாளிக்கலாம். உப்பு போட வேண்டாம், வாயில் வைத்துப் பார்த்தாலே தெரியும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

எங்கே பறிக்கிறோம் என்பதும் முக்கியம். இந்த வகைச் செடிகளில் சில, மண்ணில் உள்ள காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். மாசடைந்த மண்ணைச் சுத்தம் செய்ய அவற்றைப் பயன்படுத்திப் பார்ப்பதே அதனால்தான். ஆலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் கழிமுகத்தில் எவ்வளவு கொழுகொழுவென்று வளர்ந்திருந்தாலும் கையை வைக்காதீர்கள்.

தீவனத்தில்தான் பெரிய இழப்பு வருகிறது. வெயிலில் காயவைத்தால் உப்பு குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்வது நீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். உலர்ந்த உமரியில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட உப்பும் தாதுக்களுமாக இருக்கலாம். அதைத் தின்ற ஆடு, உப்பை வெளியேற்ற வழக்கத்தைவிட அதிகமாக நல்ல தண்ணீர் குடிக்கும். தண்ணீர்ப் பஞ்சத்துக்காக இந்தச் செடிக்கு வந்தோம். குடிநீர்த் தொட்டியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பஞ்சம் தொழுவத்துக்கு வந்துவிடும். குஜராத்தின் கட்ச் பகுதியில் காராய் ஒட்டகங்கள் கடலில் நீந்திப்போய் அலையாத்தி மேய்கின்றன. 2015-ல் தனி இனமாக அங்கீகாரம் பெற்ற அந்த ஒட்டகங்களே நல்ல தண்ணீருக்குக் கரை திரும்புகின்றன. ஆடு மாட்டைக் கேட்கவா வேண்டும்?

அதனால் முழுத் தீவனமாகக் கொடுக்காதீர்கள். வைக்கோல், சோளத்தட்டையோடு கலந்து, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஆய்வகச் சீட்டில் புரதம் அதிகம் என்று இருந்தாலும் ஏமாற வேண்டாம். உப்புநிலச் செடிகளில் அந்தக் கணக்கில் ஒரு பகுதி உண்மையான புரதம் அல்ல, வேறு நைட்ரஜன் சேர்மங்கள். அசைபோடும் விலங்கின் வயிற்று நுண்ணுயிர்கள் அவற்றைப் பயன்படுத்த மாவுச்சத்து வேண்டும். கொஞ்சம் தவிடோ உடைத்த சோளமோ சேர்த்தால்தான் உடம்பில் ஒட்டும்.

வளர்ப்பிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: உப்பைத் தாங்கும் செடி என்றால் முதல் நாளிலிருந்தே கடல்நீர் போதும் என்பது. பல வகைகளின் விதை மழை பெய்து மண்ணில் உப்பு தணிந்த பிறகுதான் நன்றாக முளைக்கும். நாற்றுக்கு நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டு, படிப்படியாக உவர்நீருக்கு மாற்றுங்கள். வளர்ந்த பிறகும் வடிகால் இல்லாமல் பாய்ச்சினால், நீர் ஆவியாகி உப்பு வேரடியில் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் உமரியும் கருகும்.

இதைவிட மோசமானது, நெல் விளையும் வயலில் உவர்நீரை விடுவது. அடியில் இருக்கும் நல்ல ஊற்று கெட்டால் பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும். ஏற்கெனவே உவர்த்துக் கிடக்கும் தரிசு எங்கே இருக்கிறது, அதன் வடிகால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகு விதையைத் தேடுங்கள்.