88ஆம் கோயிலுக்குப் பிறகு ஐந்து நாள்: ஷிகோக்கு நடையை முடித்து வீடு திரும்புவது எப்படி

ஜப்பானின் ஷிகோக்கு தீவில் 88 புத்தர் கோயில்களை நடந்தே சுற்றிவரும் யாத்திரையைப் பற்றி விசாரித்தால், எந்த ஷூ வாங்குவது, எத்தனை கிலோ தூக்குவது, எந்த மாதம் கிளம்புவது என்று எல்லாரும் தொடக்கத்தைப் பற்றியே சொல்கிறார்கள். எப்படி முடிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று: திட்டம் போடும்போதே கடைசிக் கோயிலுக்குப் பிறகு ஐந்து நாளாவது ஒதுக்கி வையுங்கள்.

எனக்குக் காரைக்குடிப் பக்கம். ஒசாகாவில் சமையல் வேலை. ஒரு கடையில் வேலை முடிந்து, அடுத்த கடையில் 2025 மே 12ஆம் தேதி சேர வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் மார்ச் 22 அன்று முதல் கோயிலான ரியோசென்ஜியிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். சுற்று முழுவதும் சுமார் 1,200 கிலோமீட்டர். 44ஆம் நாள், மே 4 அன்று, 88ஆம் கோயிலான ஓகுபோஜியை அடைந்தேன். அங்கிருந்து நேராக, சுற்று முடித்தவர்கள் கடைசியாகப் போகும் கோயாசான் மலைக்குப் போய்விட்டு இரண்டே நாளில் ஒசாகா திரும்புவதாகத்தான் என் எண்ணம். ஆனால் அது ஜப்பானின் நீண்ட விடுமுறை வாரம். கோயாசானில் நான் கேட்ட இடங்களில் 8ஆம் தேதிக்கு முன்னால் அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, இருக்கிற நாளில் முதல் கோயிலுக்கே திரும்பி நடக்கலாம் என்று கிளம்பினேன். இப்போது யோசித்தால், அறை கிடைக்காமல் போனது எனக்கு நடந்த நல்லது.

கடைசி நாள்

87ஆம் கோயிலான நாகாவோஜியிலிருந்து 88க்குப் போகும் வழியில் மாயேயாமா என்ற இடத்தில் யாத்திரிகர்களுக்கான ஒரு சிறிய காட்சியகம் இருக்கிறது. ஒவ்வொரு கோயிலிலும் முத்திரை வாங்கும் கோயில் புத்தகங்களில் பழையவை, யாத்திரை வரைபடங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். நடந்து வந்தவர்களுக்கு ஒரு சான்றிதழும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் தருவார்கள். பணம் கேட்பதில்லை. தவறாமல் உள்ளே போங்கள்.

அங்கிருந்து வழி பிரியும். நியோதாய் மலையைத் தாண்டிப் போகும் பாதை எழுநூறு மீட்டருக்கு மேல் ஏறும். உச்சிக்கு அருகில் பாறையைக் கையால் பிடித்துத்தான் ஏற முடியும். மழை பெய்தால் அந்தப் பாதை வேண்டாம், தார்ச்சாலைப் பக்கமாகப் போய்விடுங்கள். நாற்பது நாள் நடந்த கால் எதையும் தாங்கும் என்று அன்று தோன்றும். ஆனால் கவனம் சிதறுவதும் அன்றுதான்.

மதியம் 3 மணிக்குள் கோயிலில் இருப்பதுபோல் கிளம்புங்கள். கோயில் புத்தகத்தில் முத்திரை வைத்து எழுதித்தரும் அலுவலகம் 2024 ஏப்ரலிலிருந்து காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரைதான். கட்டணமும் 300 யென்னிலிருந்து 500 யென் ஆகிவிட்டது. பழைய வழிகாட்டிகளில் காலை 7 மணி என்று இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

ஓகுபோஜியில் முத்திரைக்கு ஓடாதீர்கள். மற்ற 87 கோயில்களில் செய்ததை அதே வரிசையில் செய்யுங்கள். கை கழுவி, மணி அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, மூன்று ஊதுபத்தி வைத்து, பெயர்ச்சீட்டைப் பெட்டியில் போட்டு, மூலவர் முன்னால் இதய சூத்திரம் சொல்லி, அப்புறம் யாத்திரிகர்கள் கும்பிடும் துறவியான கோபோ தைஷியின் மண்டபத்துக்கு. இங்குள்ள மருத்துவ புத்தர் கையில் மருந்துக் கிண்ணம் இருக்காது, சங்கு இருக்கும். யாத்திரிகர்கள் சுமந்துவந்த துன்பங்களை ஊதி விரட்ட என்கிறார்கள். ஹிரோஷிமாவில் அணுகுண்டு மூட்டிய நெருப்பிலிருந்து எடுத்துவந்த சுடரும் இந்த வளாகத்தில் எரிகிறது. நான் அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அழுகை வரும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். எனக்கு வரவில்லை. வெறுமையாக இருந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் பயப்படாதீர்கள், ஏதோ தவறிவிட்டது என்று நினைக்காதீர்கள். வாசலில் உதோன் கடை இருக்கிறது. வேர்க்காய்கள் போட்டு, மிசோவில் நூடுல்ஸை அப்படியே கொதிக்கவிட்டு, இரும்புச் சட்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள். சாப்பிடுங்கள்.

தடியை என்ன செய்வது

இதை முந்தின இரவே முடிவு செய்துகொள்ளுங்கள். யாத்திரிகர் கையில் இருக்கும் தடியைக் கோபோ தைஷியாகவே நினைக்கிறார்கள். கோபோ தைஷி என்பது கூகாய்க்கு இறந்தபின் கிடைத்த பட்டம். 774இல் பிறந்து 835 வரை வாழ்ந்த துறவி. நீங்கள் தனியாக நடந்தாலும் அவரும் கூட வருகிறார் என்பதைத்தான் வெள்ளைச் சட்டையிலும் கோரைத் தொப்பியிலும் ‘இருவர் பயணம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் விடுதிக்குப் போனதும் முதலில் தடியின் அடியைக் கழுவுகிறோம், பாலத்தின்மேல் தடியை ஊன்றாமல் போகிறோம்.

ஓகுபோஜியில் தடிகளை ஒப்படைக்க ஒரு மண்டபம் இருக்கிறது. காணிக்கை கட்டிவிட்டு வைத்துவிட்டால், பிறகு ஹோம நெருப்பில் சேர்ப்பார்கள். நிறையப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நான் விடவில்லை. என் தடி தேய்ந்து நான்கு விரற்கடை குறைந்திருந்தது. அந்தத் தேய்மானம் முழுக்க ஷிகோக்கு மண்ணில் கிடக்கிறது, மிச்சத்தையாவது கூட்டிக்கொண்டு போவோம் என்று தோன்றியது. முதல் கோயிலுக்குத் திரும்பி நடப்பதாக இருந்தால் தடி கட்டாயம் வேண்டும், அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

திரும்பி நடத்தல்

தொடங்கிய கோயிலுக்கே போய் நன்றி சொல்லி வட்டத்தை மூடுவதற்கு ஒரெய்மாய்ரி என்று பெயர். கட்டாயம் ஒன்றும் இல்லை. பேருந்திலோ ரயிலிலோ போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் நடந்து போங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மலையிறங்கித் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் 333 படிகள் கொண்ட 10ஆம் கோயில், கிரிஹதாஜி. ஓர் இரவு அந்தப் பக்கம் தங்கினேன். அங்கிருந்து 9, 8, 7 என்று எண்கள் குறைந்துகொண்டே வரும். பாதை சமதளம். 6ஆம் கோயிலான அன்ராகுஜியில் தங்குமிடமும் வெந்நீர்க் குளியலும் உண்டு. இரண்டாம் இரவை அங்கே வைத்துக்கொண்டால் மறுநாள் அவசரமில்லாமல் முதல் கோயிலுக்குப் போய்விடலாம்.

இந்த வழியில் எதிரே வருபவர்கள் எல்லாரும் புதியவர்கள். சட்டையில் மடிப்பு கலையவில்லை, தடியின் நுனி கூராக இருக்கிறது, முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ. ஆறு வாரத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் வந்தேன். 8ஆம் கோயிலுக்கு அருகில் ஒரு இளைஞர் ஷூவைக் கழற்றிவைத்துக் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் மிச்சமிருந்த கொப்புள டேப், ஊசி, மருந்து எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்து, டேப்பை எப்படி ஒட்டுவது என்று காட்டினேன். அவர் சீட்டுக்கட்டை எடுத்து ஒரு வெள்ளைப் பெயர்ச்சீட்டை இரண்டு கையாலும் நீட்டினார். 44 நாளாக, எனக்குக் கொடுத்தவர்களுக்கு நன்றியாக அந்தச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தவன் நான். ஆரஞ்சு கொடுத்த பாட்டிக்கு, காரை நிறுத்திக் குளிர்ந்த தேநீர் கொடுத்தவருக்கு, 100 யென் நாணயத்தைக் கையில் வைத்து மூடிவிட்டுப் போன கடைக்காரருக்கு. அன்று முதல்முறையாக அது என் கைக்கு வந்தது.

யாத்திரிகருக்குக் கொடுப்பதை ஒசெத்தாய் என்பார்கள். எங்கள் ஊர் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஆனால் வாங்கும் கையாக இருந்தது புதிது. அதைத் தலைகீழாக்கிப் பார்க்க இந்தத் திரும்பும் வழியைவிட நல்ல இடம் இல்லை. தேவையில்லாத பொருள்களைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிடாமல் இந்த மூன்று நாளுக்காக வைத்திருங்கள்.

முதல் கோயிலில் அதிகம் எழுத ஒன்றுமில்லை. முதல் நாள் மெழுகுவத்தி வைத்த அதே இடத்தில் இன்னொன்று வைத்தேன்.

கோயாசான்

தொகுஷிமா துறைமுகத்திலிருந்து வாகாயாமாவுக்குக் கப்பல், இரண்டு மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து ஹஷிமோதோவில் ரயில் மாறி கொகுராகுபாஷி, பிறகு கேபிள் கார். மலைமேல் ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்களில் தங்கலாம். விடுமுறை வாரம், இலையுதிர்கால வார இறுதி என்றால் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

இரவுச் சாப்பாட்டில் மீன், கறி கிடையாது. வெங்காயம், பூண்டும் கிடையாது. எள்ளை அரைத்துக் கட்டிய தோஃபு, பனியில் உறைய வைத்து உலர்த்திய தோஃபு என்று வரும். சமையல்காரன் என்ற முறையில் சொல்கிறேன், மெதுவாகச் சாப்பிடுங்கள். அந்த எள் தோஃபுவில் கட்டி இல்லாமல் கிண்டிய கையின் உழைப்பு தெரியும்.

தைஷி இருக்கும் இடம் ஒக்குனோயின். அவர் 835இல் இறந்ததாக இங்கே சொல்வதில்லை, தியானத்தில் அமர்ந்தார் என்கிறார்கள். இன்றும் தினம் இரண்டு வேளை அவருக்கு உணவு கொண்டுபோகிறார்கள். முதல் பாலத்திலிருந்து பெரிய மரங்களுக்கும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகளுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர். கடைசிப் பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக்கூடாது. தொப்பியைக் கழற்றிவிட்டுத் தாண்டுங்கள். விளக்கு மண்டபத்தின் பின்பக்கம் போய், சுற்று முடிந்தது என்று சொல்லுங்கள். உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள். நான் தமிழில்தான் சொன்னேன். கோயில் புத்தகத்தில் முதல் பக்கம் காலியாக இருக்குமே, அது இந்த முத்திரைக்காகத்தான்.

தமிழர்கள் யாராவது போனால் ஒன்றைக் கவனியுங்கள். கூகாய் ஜப்பானில் தொடங்கிய ஷிங்கோன் பிரிவின் கோயில்களில் எட்டு குருமார்களின் படங்கள் வரிசையாக இருக்கும். அவர்களில் கொங்கோச்சி என்பவர் வஜ்ரபோதி. தென்னிந்தியாவில் பிறந்தவர், பல்லவர் காலத்துக் காஞ்சியோடு தொடர்புள்ளவர், கடல்வழியாகச் சீனா போய் 8ஆம் நூற்றாண்டில் அங்கே மந்திர மரபைக் கற்பித்தவர். அவருடைய சீடர் அமோகவஜ்ரர், அவருடைய சீடர் ஹுய்குவோ. 804இல் சீனா போன கூகாய் கற்றது அந்த ஹுய்குவோவிடம். அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போது, இவ்வளவு தூரம் வந்தும் வேறு யார் வீட்டிலோ நிற்பதுபோல் எனக்கு இல்லை.

வீட்டில் முதல் வாரம்

வேலைக்கு முன்னால் இரண்டு நாள் வெறுமனே இருங்கள். ஆனால் படுத்தே இருக்காதீர்கள். தினம் 25 கிலோமீட்டர் நடந்த கால் திடீரென நின்றால் காலையில் குதிகால் தரையில் ஊன்ற முடியாமல் வலிக்கும். முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் முக்கால் மணி, அரை மணி என்று குறையுங்கள். பழைய ஷூ இறுக்கமாக இருக்கலாம். எனக்கு அரை அளவு பெரியது வாங்க வேண்டியிருந்தது. பசி மட்டும் நடந்த நாட்களின் பசியாகவே இருக்கும். இரண்டு வாரத்தில் அடங்கும், அதுவரை சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள்.

ஊர்த்தெருவில் நடந்தால் கண் தானாக மின்கம்பங்களில் யாத்திரை வழி காட்டும் சிவப்பு அம்புக்குறியைத் தேடும். இதில் மனம் கனத்துப்போனால் கவலை வேண்டாம். மறுபடி மறுபடி அங்கே போகத் துடிப்பதை ‘ஷிகோக்கு நோய்’ என்று ஜப்பானியர்களே சொல்கிறார்கள். நகாத்சுகாசா மொஹே என்பவர் 1866இல் கிளம்பி 280 சுற்று நடந்தார். வழியெங்கும் கல் வழிகாட்டிகள் நட்டார். 1922இல் இறக்கும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. அவர் நட்ட கற்களைப் பார்த்து நான் வழி கண்டுபிடித்திருக்கிறேன், அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் நமக்கு வீடு இருக்கிறது, காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த சுற்றுக்கான தேதியை முதல் மாதத்தில் குறிக்காதீர்கள்.

‘எப்படி இருந்தது?’ என்று எல்லாரும் கேட்பார்கள். முழுக்கதையையும் சொல்ல முயன்றால் இரண்டாம் நிமிடத்தில் எதிரே இருப்பவரின் முகம் மாறிவிடும், உங்களுக்கும் ஏமாற்றமாக இருக்கும். ஒரு நாளை மட்டும் தேர்ந்தெடுத்து அதைச் சொல்லுங்கள். புதிய கடையில் கேட்டபோது ஆரஞ்சு கொடுத்த பாட்டியைப் பற்றி மட்டும் சொன்னேன். நன்றாகக் கேட்டார்கள்.

கோயில் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே மை உறிஞ்சும் தாளை ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள், பிறகு பருத்தித்துணியில் சுற்றி வையுங்கள். தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் வசம்புத் துண்டு ஒன்றைக் கூடவே போடுங்கள், பூச்சி அண்டாது. ஜப்பானில் பலர் இந்தப் புத்தகத்தைத் தங்கள் சவப்பெட்டியில் வைக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் இது என்னவென்று சொல்லி வையுங்கள், பழைய தாளோடு போய்விடக்கூடாது.

கடைசியாக நன்றிக் கடிதங்கள். பெயர்ச்சீட்டு மாற்றிக்கொண்டவர்கள், தங்க இடம் கொடுத்தவர்கள் என்று உங்களிடம் சில முகவரிகள் சேர்ந்திருக்கும். இரண்டு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள், தள்ளிப்போட்டால் எழுதவே மாட்டீர்கள். ஜப்பானுக்குள் அஞ்சலட்டை 85 யென். நான் 9 அட்டைகள் வாங்கி, பிழையான ஜப்பானிய மொழியில், ஒவ்வொன்றிலும் அவர்கள் கொடுத்த பொருளின் பெயரை எழுதி, நல்லபடியாக வீடு சேர்ந்தேன் என்று முடித்தேன். மே 20ஆம் தேதி, மதிய வேலைக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டேன்.