ஆட்டிசம் உள்ளவர் கடையில் விற்பனைக்கு நின்றால்: ஒரு துண்டுச்சீட்டு

வாடிக்கையாளர் கேட்டதைத் துண்டுச்சீட்டில் எழுதி அவர் பக்கம் திருப்பி வையுங்கள்: ‘ஏலக்காய் 8 எம்.எம்., 250 கிராம்’ (எம்.எம். என்பது காயின் பருமன்), பக்கத்தில் விலை. இருவர் பார்வையும் சீட்டுக்குப் போய்விடும். கண்ணைப் பார்த்தே பேச வேண்டிய அவஸ்தை குறையும். இரைச்சலில் பாதி காதில் விழாவிட்டாலும், பிழை இருந்தால் அவரே திருத்திவிடுவார். தமிழக-கேரள எல்லையில் இருக்கும் குமுளி மாதிரி ஊரில் இன்னொரு வசதி: கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வந்தால் தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும், எண் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். பேசாமல் எழுதுவதை யாரும் திமிர் என்றும் நினைப்பதில்லை, கணக்கு என்றுதான் நினைப்பார்கள்!

மூக்குக்கண்ணாடி மறந்து வந்த பெரியவர்களிடம் இது எடுபடாது, வாய்விட்டே சொல்லுங்கள். சண்டைக்கு வந்தவரிடம் சீட்டை நீட்டினால் இன்னும் சூடாவார். அப்போது முதலாளியைக் கூப்பிடுவதே மேல்.