நாய் தன் காலைக் கடித்துக்கொண்டே இருக்கிறதா? முதலில் விரல் இடுக்கைப் பாருங்கள்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், எங்கள் வெள்ளையன் அடுப்படிச் சாக்கில் படுத்துச் சளக் சளக்கென்று காலை நக்க ஆரம்பித்துவிடுவான். வெளியே போய் வந்ததும் நாய் இரண்டு நிமிடம் நக்குவது சகஜம். தூக்கத்திலிருந்து எழுந்து கடித்தாலோ, கூப்பிட்டாலும் நிறுத்தாமல் கடித்தாலோ, அங்கே அரிப்போ வலியோ இருக்கிறது. தயவுசெய்து அதட்டாதீர்கள்.

1. ஒரு காலா, நாலு காலா?

ஒரே காலை மட்டும் கடித்தால் முள், கண்ணாடிச் சில்லு, உடைந்த நகம், உண்ணி என்று தேடுங்கள். நாலு காலையும் கடித்து, காதையும் சொறிந்தால் அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தால் நெடுநாளாக நக்குகிறது என்று அர்த்தம். எச்சிலில் உள்ள நிறமிதான் அந்தக் கறை.

2. இடுக்கைப் பிரித்துப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், நாய் களைத்திருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். எடுத்த எடுப்பில் பாதத்தைப் பிடித்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். தோளிலிருந்து தடவிக்கொண்டே கீழே வாருங்கள். உறுமினால் விட்டுவிடுங்கள், வலி இருந்தால் சாதுவான நாயும் கடிக்கும்.

ஒவ்வொரு விரலையும் விரித்து, அடிப்பக்கத்தையும் பாருங்கள். இரத்தம் குடித்த உண்ணி சாம்பல் நிறத்தில் பருத்திருக்கும். குட்டி உண்ணி எள்ளைவிடச் சின்னது. சின்ன இடுக்கியால் (ட்வீசர்) தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பு வைப்பதும் கூடவே கூடாது. அட்டை கடித்த இடம் நெடுநேரம் கசியும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

அப்புறம் மோந்து பாருங்கள். புளித்த மாவு போல வாடை அடித்து, இடுக்கு சிவந்து பிசுபிசுத்தால் ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகியிருக்கலாம். தோலில் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான் அது. ஈரமும் அலர்ஜியும் சேர்ந்தால் பெருகிவிடும்.

3. கழுவுங்கள், அதைவிடக் கவனமாகத் துடையுங்கள்

தேயிலைத் தோட்டத்துக்குள் போய் வந்தால் சேறோடு, தெளித்த மருந்தும் காலில் ஒட்டி வரும். அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சோப்பு வேண்டாம். பிறகு பழைய பருத்தித் துண்டை விரலில் சுற்றி, இடுக்கு இடுக்காக ஒற்றி எடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். நம் மூட்டத்தில் துண்டு காயாது, அதனால் நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. தைலத்தைத் தொடாதீர்கள்

நீலகிரியில் எல்லா வலிக்கும் தைலம்தான். நானும் ஒருமுறை வெள்ளையனுக்கு நீலகிரித் தைலம் தடவினேன். நக்கிவிட்டு, வாயில் நுரை தள்ள வாந்தி எடுத்தான். அந்த இரவை என்னால் மறக்க முடியாது. யூகலிப்டஸ் தைலம், வின்டர்கிரீன் தைலம் இரண்டுமே உள்ளே போனால் நாய்க்கு விஷம். டெட்டாலும் வேண்டாம். வலிக்கு நம் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் கொடுக்கவே கூடாது.

5. டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

வீக்கம், சீழ், நொண்டல், அல்லது இரண்டு மூன்று நாளில் குறையாத கடி என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணி இருந்த நாய் சாப்பிடாமல் சோர்ந்து, ஈறு வெளிறினால் அன்றே போங்கள், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உணவு அலர்ஜி என்று சந்தேகம் வந்தால் அவர் சொல்லும் உணவை மட்டும் 8 வாரமாவது கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் கோழியை நிறுத்திவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

டாக்டரிடம் போகிற அன்று பாதத்தைக் கழுவாதீர்கள். இடுக்கிலிருந்து டேப்பில் ஒட்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் ஈஸ்ட்டா பாக்டீரியாவா என்று அவர் சொல்ல முடியும். வீட்டில் கடிப்பதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் ஏற்றியதும் பயத்தில் நாய் காலைத் தொடவே தொடாது.