வெளிவிளக்குக்கு போட்டோசெல் சென்சார்: வாங்குவதும் கோளாறு கண்டுபிடிப்பதும்

வாசல் விளக்கு நடுப்பகலில் எரிகிறதா? புது சென்சார் வாங்கக் கிளம்புவதற்கு முன், பழையது எந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது, எத்தகைய விளக்கைத் தாங்குகிறது என்று பாருங்கள். கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கும்.

சென்சாருக்குள் ஒளியை உணரும் ஒரு சிறு பாகம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்ததும் அது தரும் சமிக்ஞையில் ரிலே என்ற சிறு மின்சுவிட்ச் இயங்கி விளக்குக்கு மின்சாரம் போகிறது.

முதல் படி: வாங்குவது

வோல்டேஜ் உங்கள் இணைப்புக்குப் பொருந்த வேண்டும். மழை படும் இடமென்றால், தூசியும் நீரும் புகாமல் காக்கும் ஐபி65 தரம் நல்லது. வாட்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்ஸ், பெரும்பாலும் குண்டு பல்புக்கான கணக்கு. எல்.இ.டி. விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரில் உள்ள மின்தேக்கிகள், எரியத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த அதிர்ச்சியில் ரிலேயின் தொடுமுனைகள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். எல்.இ.டி.க்கு என்று தனி அளவு அச்சிடப்படாத சென்சாரை நான் வாங்கமாட்டேன்.

இரண்டாம் படி: பொருத்துவது

எம்சிபியை (மின்பெட்டியில் உள்ள டிரிப் சுவிட்ச்) அணைத்து, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதி செய்யுங்கள். மூன்று வயர் சென்சாரில் ஒன்றுக்கு ஃபேஸ் வரும், ஒன்று விளக்குக்குப் போகும், மூன்றாவது நியூட்ரல். விளக்குக்கும் அதே நியூட்ரல்தான். வயர் நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் உறையில் உள்ள படத்தையே நம்புங்கள். வயரிங் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள்.

சென்சாரின் கண் திறந்த வானத்தைப் பார்க்கட்டும். அது கட்டுப்படுத்தும் விளக்கின் ஒளி அதன்மேல் படவே கூடாது.

மூன்றாம் படி: கோளாறு பார்ப்பது

சென்சாரின் கண்ணைக் கையால் இரண்டு நொடி மூடிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். வாகன வெளிச்சத்துக்கும் மின்னலுக்கும் விளக்கு அணையாமல் இருக்க, பல சென்சார்களில் வேண்டுமென்றே தாமதம் வைத்திருப்பார்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, சில நிமிடங்கள் காத்திருங்கள்.

இரவில் எரிந்து அணைந்து மறுபடி எரிகிறதா? டேப் ஒட்டியதும் நிலையாக எரிந்தால் சென்சார் நன்றாகவே இருக்கிறது. தன் விளக்கின் ஒளியையே பகல் என்று எடுத்துக்கொள்கிறது. அதைத் திருப்பி வையுங்கள், அல்லது நடுவில் ஒரு மறைப்பு வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் இதைச் செய்யும்.

பகலில் அணையவில்லையா? கண்ணாடியில் படிந்த தூசியைத் துடையுங்கள். கூரை நிழலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டார்ச் ஒளியை நேராகப் பாய்ச்சிச் சில நிமிடம் காத்திருங்கள். அப்போதும் அணையாமல், வயரிங்கும் சரியாக இருந்தால், ரிலே ஒட்டிவிட்டிருக்க வாய்ப்பு அதிகம், மாற்றத்தான் வேண்டும். மின்சாரம் வந்தவுடன் பகலிலும் சற்று நேரம் எரிந்து அணைவது பல சென்சார்களின் இயல்பு.

டேப் ஒட்டியும் எரியவில்லை என்றால், வேறு இணைப்பில் விளக்கு எரிகிறதா என்று சோதியுங்கள். விளக்கு எரிந்து, சென்சாருக்கு ஃபேஸும் நியூட்ரலும் வந்தால், பழுது சென்சாரில்தான்.

அணைந்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுங்கினால், நியூட்ரல் இல்லாத இரண்டு வயர் சென்சாரா என்று பாருங்கள். அது தன் தேவைக்கு விளக்கின் வழியாகவே சிறிது மின்சாரம் கசியவிடும். மூன்று வயர் சென்சாருக்கு மாறினால் பெரும்பாலும் அது நின்றுவிடும்.