மின்சார காரை நள்ளிரவுக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது எப்படி?

கோடை இரவு 8 மணி. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, டியூப்லைட் மினுக்குகிறது. தெருவிலுள்ள எல்லா ஏசியையும் முனை டிரான்ஸ்ஃபார்மர் சுமக்கும் நேரம் அது. ஆபீஸிலிருந்து வந்ததும் நாம் காரைச் சார்ஜில் போடுவதும் அப்போதுதான். கார் என்னவோ விடியும் வரை சும்மாதான் நிற்கப்போகிறது. அந்தச் சுமையைச் சில மணி நேரம் தள்ளிவைப்போம்.

முதலில் கணக்கு. தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறிய கார் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6, 7 கிலோமீட்டர் போகும். ஆக, 6 முதல் 7 யூனிட். 15 ஆம்பியர் பிளக்கில் போடும் 3 கிலோவாட் சார்ஜரில் இரண்டரை மணி நேரம் போதும்.

அடுத்தது டைமர். கார் ஆப்பில் அல்லது சார்ஜர் ஆப்பில் 'ஷெட்யூல்' பகுதியைத் திறந்து, தொடக்கம் 12 மணி, முடிவு 5 மணி என்று வையுங்கள். கேபிளை வந்தவுடனேயே மாட்டிவிடலாம், கரண்ட் 12 மணிக்குத்தான் ஏறும். ஆப்பில் அந்த வசதி இல்லையா? மலிவான பிளக் டைமரை மட்டும் வாங்காதீர்கள். மணிக்கணக்கில் 3 கிலோவாட் ஓடினால் உருகிவிடக்கூடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தாங்கக்கூடிய டைமரைப் போர்டிலேயே பொருத்தச் சொல்லுங்கள்.

சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜர் என்றால் இன்னொரு வேலை உண்டு. அது 32 ஆம்பியர் இழுக்கும். அப்படிப் பத்து கார்கள் சேர்ந்தாலே 74 கிலோவாட். 100 கேவிஏ, அதாவது சுமார் 100 கிலோவாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரில் முக்கால்வாசி போய்விடும். ஆப்பில் 16 ஆம்பியராகக் குறையுங்கள். உங்கள் ஒயரில் அந்தக் கரண்டால் வரும் சூடு கால்வாசியாகிவிடும். நேரம் இரட்டிப்பானாலும் அதில் வீணாகும் மின்சாரம் பாதிதான்.

சரி, எல்லோரும் 12 மணிக்கே வைத்தால்? சுமை அங்கே குவிந்துவிடும். இதற்காகவே பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் விற்கும் வீட்டுச் சார்ஜர்கள், குறித்த நேரத்திலிருந்து 10 நிமிடம் வரை ஆளுக்கொரு விதமாகத் தாமதித்துத் தொடங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாம் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் பேசி ஒருவர் 11.30, ஒருவர் 1, ஒருவர் 2.30 என்று பிரித்துக்கொள்ளலாம். மாடியில் சோலார் இருந்து, காரும் பகலில் வீட்டில் நின்றால் உச்சி வெயில் நேரமே நல்லது.

முதல் தடவை பகலில் அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். நிறுத்திவிட்டு உடனே பிளக்கைத் தொடுங்கள். கை பொறுக்காத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றிவிட்டு அப்புறம் டைமரை வையுங்கள்.