‘காப்பி’ என்று வரைவது எப்படி? தமிழ் லெட்டரிங்கில் முதல் சொல்

கணினியில் ‘காப்பி’ என்று அடித்தால் இரண்டு ப-வும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே வரும். கையால் வரைந்தால் முதல் ப-வைக் குறுக்கலாம், இரண்டாவதை அகட்டலாம். கடைப்பெயர், புத்தக அட்டை, சினிமா தலைப்பு என்று இன்றைக்கும் லெட்டரிங்குக்கு ஆள் தேடுவது இந்த வசதிக்காகத்தான். ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம்: இது அழகாக எழுதுவது அல்ல, வரைவது. ஒரு கோட்டைப் பத்து முறை அழித்துத் திருத்தலாம். கையெழுத்து மோசமானவர்களும் தாராளமாக வரலாம்.

வேண்டியவை

ஏ4 தாள், 2எச், எச்பி பென்சில்கள், ஸ்கேல், டிரேசிங் பேப்பர் நாலைந்து, 160 ஜிஎஸ்எம்-க்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாத வழவழப்பான தாள் ஒன்று, 0.3, 0.8 மிமீ பிக்மென்ட் மைப் பேனாக்கள். பிரஷ் பேனா இப்போதைக்கு வேண்டாம். அதன் தடிப்பு கை அழுத்தத்தைப் பொறுத்து மாறும், பிழை எங்கே என்றே பிடிபடாது.

1. கோடுகள்

தாளை அகலவாக்கில் வைத்து, 2எச் பென்சிலால் 40 மிமீ இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். எழுத்தின் உடல் இதற்குள். அதற்கு மேலே 20 மிமீ, புள்ளிக்கும் இகரக் கொக்கிக்கும். இந்தச் சொல்லில் கீழே இறங்கும் எழுத்து கிடையாது. கு, ழ போன்றவை வந்தால் கீழேயும் இடம் ஒதுக்க வேண்டும்.

2. எலும்புக்கூடு

எச்பி-யால் ஒற்றைக் கோட்டில் சொல்லை வரையுங்கள். தோராய அகலம்: க 48 மிமீ, துணைக்கால் 36, முதல் ப 36, அடுத்த ப 40, கொக்கி 22.

3. இடைவெளி

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எல்லா எழுத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்து ஒரே அளவு விட்டால் சொல் உடைந்து தெரியும். க-வின் வலப்பக்கம் வளைவு. வளைவின் மேலும் கீழும் தானாகவே வெள்ளை சேர்ந்துவிடுவதால் துணைக்காலை 5 மிமீ-இல் ஒட்டி வைக்கலாம். துணைக்காலின் வலது தண்டும் ப-வின் இடது தண்டும் நேருக்கு நேர் நிற்கின்றன. அங்கே 10 மிமீ. இரண்டு ப-வுக்கு நடுவிலும் அப்படியே.

துணைக்கால் கீழே திறந்தது, ப மேலே திறந்தது. சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் துணைக்கால் ஏறக்குறைய ப ஆகிவிடும். இந்த இரண்டு வெற்றிடமும் பார்வைக்குச் சமமாக இருக்கும்வரை அகலத்தைக் கூட்டிக் குறையுங்கள். மில்லிமீட்டர் கணக்கு தொடங்குவதற்குத்தான், முடிவு கண்ணுடையது.

4. தடிப்பு

டிரேசிங் பேப்பரை மேலே வைத்து, எலும்புக்கூட்டின் இருபுறமும் 3 மிமீ விட்டு ஓரக்கோடு போடுங்கள். தண்டு 6 மிமீ ஆகும். கிடைக்கோட்டுக்கு 5.5 போதும். ஒரே அளவில் வரைந்தால் கிடைக்கோடுதான் தடித்துத் தெரியும், கண்ணின் பழக்கம் அது. க-வில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் கறுத்துத் திரளும். அங்கே 5 மிமீ-ஆக இளைத்துவிடுங்கள்.

5. புள்ளி

தண்டும் புள்ளியும் 6 மிமீ என்றால் புள்ளி சிறுத்துத் தெரியும். 8 மிமீ வையுங்கள், மேல்கோட்டிலிருந்து 7 மிமீ உயரத்தில். இறக்கி வைத்தால் ப-வின் வாய்க்குள் விழப்போகும் கோலிக்குண்டு மாதிரி ஆகிவிடும். கொக்கியை இடப்பக்கம் நீட்டிச் சுருட்டினால் புள்ளியோடு முட்டும். அலங்காரம் செய்வதென்றால் வலப்பக்கம். புள்ளியைக் காப்பிக்கொட்டையாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். விசிட்டிங் கார்டு அளவில் அது வெறும் கறைதான்.

6. சோதனை, மை

டிரேசிங் பேப்பரைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சொல்லாகப் படிக்க முடியாததால், சாய்ந்த தண்டும் வீங்கிய வளைவும் பளிச்சென்று தெரியும். திருத்தியபின் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தடித்த தாளை வைத்து 0.3-ஆல் ஓரம், 0.8-ஆல் உட்புறம். ஜெராக்ஸ் தாளில் மை நார்வழியே பரவி ஓரம் பிசிறடிக்கும். பத்து நிமிடம் காயவிட்டுத்தான் ரப்பர்.

கணினியில் ஏற்றுவதற்கு 600 டிபிஐ-இல் ஸ்கேன் செய்யுங்கள். போனில் எடுத்தால் ஓரத் தண்டுகள் வளையக்கூடும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தானாக டிரேஸ் செய்தால், கோட்டின் வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் நோடுகள் தேவைக்கு மேல் நிறைய முளைக்கும். ப-வின் நேர்த்தண்டில் நடுவே நிற்பவை எல்லாவற்றையும் நீக்கிவிடலாம்.

அடுத்த சொல்லாக ‘விலை’ எடுத்துப் பாருங்கள். பழைய கடைப்பலகையின் வாசம் வேண்டுமென்றால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு வழங்கிய, துதிக்கை வளைந்த லை-யை வரையலாம். அப்படியானால் அதே பலகையில் வரும் ணா, றா, னா-வும் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும்.